டிசையர் டீசல், 2.10 லட்சம் கி.மீ.: காலையில் செயின் சத்தம், இழுவையும் குறைவு. முதலில் எதில் கை வைப்பது?

நாற்கரம்:
2012 டிசையர் டீசல், 1248 சிசி, 75 பிஎஸ். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பெல்ட் பக்கம் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம், பிறகு அடங்கிவிடும். ஆயில் சேஞ்ச் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை; நடுவில் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. கூலன்ட் டப்பாவில் மாதம் ஒரு விரற்கடை இறங்குகிறது, தரையில் சொட்டு இல்லை. பாலம் ஏறினால் இழுவை இல்லை, கறுப்புப் புகை வேறு. இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள். இன்னும் ஒரு லட்சம் ஓட்ட வேண்டும். எந்த வரிசையில் போகலாம்?

ஸ்பேனர்12:
இப்போதைக்குப் பிரிக்க விடாதீங்க. நீங்க சொன்னதில் அவசரம் டைமிங் செயின் மட்டும்தான், அதாவது பிஸ்டன்கள் சுத்துகிற கிராங்க்கையும் வால்வுகளைத் திறக்கிற கேமையும் இணைத்து ஓட்டுகிற செயின்.

இந்த இன்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து, அதை வழியில் நிறுத்துகிற கைடில் அடிக்கும். அதுதான் அந்தச் சத்தம். சம்ப்பில் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) இருப்பதே ஏறக்குறைய 3 லிட்டர். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அந்த நிலையில் ஓட்டினால் செயினும் கைடும் தேயாமல் என்ன செய்யும்?

முதலில் 5W-30 ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க. ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கும் புதுசு போடணும். பழசையே மாட்டினால் அங்கேயே கசியும். அதற்குப் பிறகும் காலையில் சத்தம் வந்தால் செயின் செட் மாத்தியாகணும். செயின் மட்டும் வாங்காதீங்க. டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் ஓடுகிற பல்சக்கரங்கள்), கிராங்க் முன் ஆயில் சீல் எல்லாம் சேர்த்துத்தான். தேய்ந்த பல்லில் புதுச் செயினை ஓட்டினால் அதுவும் சீக்கிரமே தேயும். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதலாம். மோதினால் ஹெட்டைக் கழட்டும் செலவு.

இன்ஜின் ஃப்ளஷ் ஊத்தலாம்னு யாராவது சொன்னால் வேண்டாம்னு சொல்லிடுங்க. பழைய கசடு மொத்தமா பெயர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைச்சிடும்.

காமன்ரெயில்:
கறுப்புப் புகைன்னா டீசலுக்கு ஏற்ற காத்து கிடைக்கலைன்னு அர்த்தம். காத்து போகிற வழியிலேயே தேடிப் போங்க. ஏர் ஃபில்டரைப் பார்த்த கையோட டர்போவிலிருந்து (காத்தை அழுத்தித் தள்ளுகிற பாகம்) இன்ஜினுக்குக் காத்து போகிற ரப்பர் ஹோஸ்களைக் கழட்டி, வளைத்துப் பாருங்க. மேலோட்டமாப் பார்த்தால் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் கிளிப் இருந்த இடத்திலோ அடிப்பக்கத்திலோ பிளவு இருக்கும், சுத்தி ஈர எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சிருக்கும். ஐட்லிங்கில் ஒண்ணும் தெரியாது, ஏத்தத்தில் பூஸ்ட், அதாவது டர்போவின் காத்தழுத்தம், வரும்போதுதான் பிளவு வாய் திறக்கும்.

அடுத்தது ஈஜிஆர் வால்வு, புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற வால்வு. இந்த ஓட்டத்தில் கரி கெட்டியாகப் படிஞ்சு வால்வு முழுசா மூடாமல் நிற்கும். கழட்டி, கார்ப் கிளீனர் அடிச்சு, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்க்கணும். மோட்டார் பக்கம் நனையக் கூடாது. மாட்டும்போது புது கேஸ்கெட்.

இரண்டும் சரின்னா மட்டும் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர். மிச்ச டீசல் திரும்பி வருகிற நாலு ரிட்டர்ன் லைனிலும் ஒரே அளவு பாட்டிலைச் செருகி, சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விடுங்க. ஒரு பாட்டில் மட்டும் மத்ததைவிட வெகு வேகமா நிறைஞ்சால் அந்த இன்ஜெக்டர்தான். இந்தச் சோதனைக்கு அதிகச் செலவு கிடையாது. இதைச் செய்யாமல் நாலையும் மாத்தச் சொன்னால் ஒத்துக்காதீங்க.

மேட்டுத்தெரு கராஜ்:
ஆயில் குறைவதைப் பற்றி ஒன்று. டர்போ ஹோஸில் லேசான பிசுக்கு சகஜம். ஹோஸுக்குள் குட்டையாகத் தேங்கியிருந்தால் டர்போ ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள்; சக்கரம் ஹவுசிங்கில் உரசினால் டர்போ வேலை. உரசல் இல்லை, நீலப் புகையும் இல்லை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) நாலிலும் சமம் என்றால் பிஸ்டன் ரிங்கைத் தொட அவசியமே இல்லை. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். சமதளத்தில், இன்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து.

கூலன்ட் சொட்டவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று எண்ண வேண்டாம். சூட்டில் கசிந்து அங்கேயே காய்ந்துவிடும். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, இந்த இரண்டு இடத்திலும் வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ பொருக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கும் இல்லையென்றால் பிரஷர் டெஸ்டர் போட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே உப்புப் படியும்.

நாற்கரம்:
நன்றி. செயின் மாற்றுபவருக்கு வேலை தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பேனர்12:
வேலை நடக்கும்போது கிராங்க்கும் கேமும் நகராமல் பூட்டுகிற டைமிங் லாக் பின் இருக்கான்னு கேளுங்க. கிராங்க்குக்கு ஒண்ணு, கேமுக்கு ஒண்ணு. மார்க்கர் பேனாவால் குறி வெச்சு மாட்டுறேன்னு சொன்னால் வேற கடை பாருங்க. முடிச்சதும் பின்னை எடுத்துட்டு, கிராங்க்கை ஸ்பேனரால் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுத்து சுத்தணும். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்தணும். சுத்தின பிறகு இரண்டு பின்னும் திரும்ப இடிக்காமல் உள்ளே போகணும். அதை நேரில் நின்னு பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பச் சொல்லுங்க.