பினாங்கில் முடியாமல் தைப்பிங்கில் வீடு வாங்கினோம். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என் அப்பா பிறந்து வளர்ந்தது பினாங்கு கடைத்தெருப் பக்கம், ஒரு கடைவீட்டு மாடியில். சொந்த வீடு இல்லை. பாட்டி காலத்து வாடகையே கிட்டத்தட்ட கடைசி வரை ஓடியது. 2000 பிறந்தபோது வாடகைக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது, எங்கள் வாடகை எகிறியது, குடும்பம் ஆயர் ஈத்தாம் பிளாட்டுக்கு மாறியது. 2008 இல் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இப்போது அந்த மாடி ஹோட்டல் அறை. ஓர் இரவு தங்க எவ்வளவு என்று அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்து, "நாம கட்டின ஒரு வருஷ வாடகைடா" என்றார்.

பினாங்குத் தீவில் வீடு வாங்கும் ஆசையை நான் விட்டு நாளாகிறது. வேலை தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். கொமுட்டர் ரயில் தைப்பிங்கில் நிற்கிறதே, அங்கே பார்த்தால் என்ன என்று கேட்டது என் மனைவி.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: லாருட் ஈயச் சுரங்கங்களுக்காகச் சீனக் கூட்டங்கள் வெட்டிக்கொண்டு செத்த இடம் இது. 1874 இல் சண்டை ஓய்ந்த பிறகு வந்த பெயர்தான் தைப்பிங். நிலைத்த அமைதி என்று பொருள். நாட்டின் முதல் ரயில் 1885 இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. 1937 இல் பேராக் மாநிலத்தின் தலைநகரம் இங்கிருந்து ஈப்போவுக்குப் போனது, ஊர் தூங்கிவிட்டது. பழைய கட்டடங்கள் தப்பியதும் வீட்டு விலை ஏறாமல் இருப்பதும் அந்தத் தூக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் பார்த்த வீட்டின் அழகில் மனைவி மயங்கிவிட்டாள். பலகைத் தளம், உயரமான ஜன்னல், பின்னால் முற்றம், விலையும் கைக்கு எட்டுகிற விலை. ஏஜென்ட் அன்றைக்கே 3 விழுக்காடு முன்பணம் கேட்டார். நல்லவேளை, லாயரிடம் சொல்லி முதலில் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கச் சொன்னேன். கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், ஏழு பேர் பெயர். அண்ணன் தம்பி அக்கா தங்கை, அதில் இருவர் இறந்துபோய், அவர்கள் பங்குக்கு யாரும் இன்னும் நீதிமன்றம் போகவில்லை. ஒருவர் ஆஸ்திரேலியாவில். அந்த வீடு மலிவாகக் கிடைத்ததற்கு முற்றம் காரணம் இல்லை!

இரண்டாவது, ஊருக்கு வெளியே ஒரு கம்போங் (கிராமத்து) வீடு. வீட்டுக்காரப் பெரியவர் காப்பி கொடுத்து உட்காரவைத்து, "தம்பி, இது மலாய் ரிசர்வ், மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கின நிலம், உங்களால் வாங்க முடியாது. ஏஜென்ட் சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. அந்த மனிதரின் நேர்மைக்காகவே அந்தப் பக்கம் போனால் இன்றும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்.

மூன்றாவதுதான் எங்கள் வீடு. பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒற்றை மாடி டெரஸ், அதாவது வரிசை வீடு, நிரந்தர உரிமை, 2 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). காலையில் போய்ப் பார்த்தோம், பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டுச் சீன அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நாலு மணிக்கு வா" என்று மட்டும் சொன்னார். கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று பிந்தாங் மலைத்தொடரில் முட்டி மேலே ஏறுகிறது; அதனால் தீபகற்பத்திலேயே இங்கேதான் மழை அதிகம், பெரும்பாலும் சாயங்காலத்தில். நாலு மணிக்குப் போனோம். அடுப்படிச் சுவர் வியர்த்தது, இரண்டு இடத்தில் கூரை சொட்டியது. அதைக் காட்டிப் பேசியதில் எட்டாயிரம் குறைந்தது. கூரைக்கும் பழைய வயரிங்குக்கும் அதைவிட இரண்டு மடங்கு செலவானது வேறு கதை.

வங்கிதான் கடைசி அடி. நாங்கள் ஒப்புக்கொண்டது 2 லட்சத்து 12 ஆயிரம், அவர்கள் போட்ட மதிப்பு 2 லட்சம். 90 விழுக்காடு கடன் என்றால் அந்த 2 லட்சத்தில்தான். ஆக 1 லட்சத்து 80 ஆயிரம் போக மீதி 32 ஆயிரத்தைக் கையிலிருந்து போட்டோம். பழைய வீடு பார்ப்பவர்கள் பத்து விழுக்காட்டோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்.

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து

அண்ணே, கிராண்டில் ஏழு பேர் என்றதும் சிரிப்பு வந்தது, எங்கள் கதையும் காகிதத்தில்தான் மாட்டியது. அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு தைப்பிங்தான் என்று அடம். ஏரித் தோட்டத்தில் நடக்கணுமாம், மழைமரங்கள் தண்ணீரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கணுமாம். நாங்கள் எடுத்தது குத்தகை நிலத்து வீடு. முப்பத்துச் சொச்சம் வருஷம்தான் பாக்கி. முதல் வங்கி கையை விரித்தது. இரண்டாவது வங்கி ஒப்புக்கொண்ட பிறகும் பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். வீடு விற்றவர் வாரம் தவறாமல் போன் செய்து திட்டினார், ஏதோ நாங்கள்தான் கோப்பை மறைத்து வைத்த மாதிரி.

இப்போது அப்பா நிம்மதியாக இருக்கிறார். எனக்குத்தான் கவலை: அவசரம் என்றால் இங்கிருந்து இ.டி.எஸ். விரைவு ரயிலில் மூணு மணி நேரத்துக்கு மேல். தைப்பிங்கில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்பதையும் யாராவது சொல்லணும் இல்லையா? அப்பா தெருவில் பாதி வீடுகளில் முதியவர்கள் மட்டும்தான்.

நிபோங் திபாலிலிருந்து

மழை பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு. என் தங்கை தைப்பிங்கில் மருமகள். துணி காயவைக்கவே ஒரு தனி அறை வைத்திருக்கிறாள், நாங்கள் அதை ஸ்டோர் ரூம் என்று நினைத்து மூட்டைகளைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

ஒன்று கேட்கிறேன்: தினமும் ரயிலில் போய் வருவது கட்டுப்படியாகிறதா? அப்புறம், பலகைக் கதவு நிலைகளில் கரையான் இருந்ததா?

முதலில் எழுதியவர்

ரயில் பரவாயில்லை, தூக்கம் கிடைக்கிறது. ஆனால் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஓவர்டைம் இருக்கும் நாளில் காரை எடுத்துவிடுவேன், அந்த மாதம் டோல் கணக்கை மனைவியிடம் காட்டுவதில்லை.

கரையான் இருந்தது. பின்கதவு நிலையைத் திருப்புளியால் குத்தினேன், உள்ளே வெறும் காற்று. வாங்குவதற்கு முன்னால் குத்தியிருக்க வேண்டும். செந்தூல் தம்பி, உங்கள் அப்பா எந்தப் பக்கம் இருக்கிறார்? தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்களும் ஏரிப் பக்கம்தான் நடக்கிறோம்.