தோட்டத்துச் சொந்தங்கள்: குச்சிக்கிழங்கில் மாவு

ராசிபுரம் அத்தை: [படம்] குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, கொழுந்தெல்லாம் சுருண்டு கொத்தாக நிற்கிறது. வெள்ளையாக மாவு அப்பியிருக்கு. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள், நாங்களும் அடிக்கட்டுமா?

கோபி பெரியப்பா: பப்பாளி மாவுப்பூச்சிதான் அம்மிணி. 2008-ல் கோயமுத்தூர்ப் பக்கம் வந்து மல்பெரி, கிழங்கு எல்லாவற்றையும் கெடுத்ததே, அது.

தாரணி: பார்த்துவிட்டுச் சொல்லலாம்ங்க பெரியப்பா. அத்தை, மாவைத் துடைத்தால் பூச்சி மஞ்சளா, ரோஸா?

ராசிபுரம் அத்தை: லேசான ரோஸ் கண்ணு.

தாரணி: அப்படியென்றால் மரவள்ளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். 2020-ல் திருச்சூரில் பார்த்தது, அப்புறம் நம்ம பக்கமும் வந்துவிட்டது. ஆண் துணையில்லாமலே பெருகும். நடவுக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். மருந்தை நிறுத்தி வையுங்க. பப்பாளிப் பூச்சியை அழிக்க 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவி வந்தது. இதற்கு வேறு குளவி, அனாகைரஸ் லோபெசி, பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்து 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் எந்தக் குளவி என்று கேட்க முடியும். கண்டதை அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

பொள்ளாச்சி மாமா: ஆமாம். தென்னையில் சுருள் வெள்ளை ஈயை 2016-ல் நம்ம பொள்ளாச்சிப் பக்கம்தானே இந்தியாவிலேயே முதலில் கண்டார்கள். ஓலையெல்லாம் கரும்பூசணம். அந்த ஈயை அழிக்கிற என்கார்சியா குளவி இருக்கிற தோப்பில் மருந்து அடிக்காதே என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள்.

ராசிபுரம் அத்தை: சரி, இப்போது என்ன செய்யணும்?

தாரணி: இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுங்க, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து. முதலில் பார்த்த தேதி, தோட்டத்து லொகேஷன், குச்சி எங்கே வாங்கியது, இவ்வளவும் எழுதுங்க. கொழுந்தை இறுக்கி மூடிய டப்பாவில் போட்டு வையுங்க. வெறும் கையில் பஸ்ஸில் எடுத்துப் போகாதீங்க, போகிற வழியெல்லாம் பரவும். வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். படத்தை மட்டும் வைத்து நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

கோபி பெரியப்பா: எங்கள் காட்டில் ஒன்றும் இல்லை, நான் எழுத வேண்டியதில்லையே?

தாரணி: அவசியம் எழுதுங்க பெரியப்பா! இன்றைக்கு இல்லை என்று தேதி போட்டு வைத்தால்தான், நாளைக்கு வந்தால் எப்போது வந்தது, எந்தத் திக்கிலிருந்து வந்தது என்று பிடிக்க முடியும்.

கோபி பெரியப்பா: சரி. சாயங்காலம் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

ராசிபுரம் அத்தை: [லொகேஷன்] குச்சி ஆத்தூர்ப் பக்கம் வாங்கியது. அதே வண்டியில் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் வாங்கினார்கள்.

தாரணி: அவர்கள் காட்டையும் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்க அத்தை.