வீடு முழுக்க விளம்பரத் தடுப்பு வைத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடிப் பேரன்:
எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பை-ஹோல், அதாவது வீட்டு நெட்டில் எல்லாச் சாதனங்களுக்கும் சேர்த்து விளம்பர முகவரிகளைத் தடுக்கும் மென்பொருள், அதை எப்படிப் போட்டேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விடுங்கள். அப்பத்தாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்கவும் தேவாரம் கேட்கவும் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனால் டேப்லெட்டைக் காணோம், கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். கடைசியில் முற்றம் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டு அறையில், மரப்பெட்டிக்குள், பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தது கிடைத்தது. சார்ஜ் போட்டுத் திறந்தேன். சிவப்புத் திரை, 'உங்கள் போனில் 13 வைரஸ், உடனே அழுத்தவும்.' நாலு நாளாகத் தான்தான் அதைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். "நான் ஒண்ணையும் அமுக்கலய்யா, அதுவா வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு முந்தானையைப் பிடித்தபடி நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

மறு வாரமே முகப்பு ரௌட்டரில் பை-ஹோல் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை மாட்டிவிட்டேன். ஆனால் இரண்டாங்கட்டுப் பக்கம் இப்போதும் சில நேரம் விளம்பரம் வருகிறது. நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்தான் தெரியுமே, அந்தத் தடிமனை வைஃபை தாண்டாது, அதனால் அங்கே தனியாக இன்னொரு ரௌட்டர்.

தேவகோட்டை:
எங்கள் வீட்டில் ஆளே கிடையாது, எல்லோரும் சென்னையில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் மட்டும் முகப்பில் படுப்பார். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் விபிஎன் (தொலைவிலிருந்து வீட்டு நெட்டுக்குள் நுழையும் வழி) மூலம் ஊர் பை-ஹோலின் பதிவைத் திறந்து பார்த்தேன். மணி 2:40. ஹால் டிவி சில நொடிக்கு ஒரு தடவை ஒரே முகவரியைக் கேட்டுக்கொண்டே இருந்தது, தடுத்ததெல்லாம் வரி வரியாகச் சிவப்பு. டிவியை நாங்கள் ரிமோட்டில் அணைத்துவிட்டு வந்து மூன்று வாரம். பூட்டிய அறைக்குள் அது யாரிடம் என்ன சொல்லப் போகிறது? விடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். இதை வைக்காத வீடே இருக்கக் கூடாது என்பேன்.

கோட்டையூர் மருமகள்:
தேவகோட்டைக்காரர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டில் ஆள் இல்லை, அதனால் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். என் கணவர் சிங்கப்பூர் போகும் முன் இதை மாட்டிவிட்டுப் போனார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. "ஏதாச்சும் செய்யும்மா" என்று அவள் அழ, அலமாரி மேல் இருந்த சின்னப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது என்ன என்றே எனக்குத் தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டு ஆச்சியின் போன் நெட்டில் விண்ணப்பம் போனது. அந்தப் பெட்டிக்குள் பை-ஹோல் இருந்த எஸ்டி கார்டு கெட்டுப்போய்விட்டது என்று கணவர் அப்புறம் சொன்னார். டிவி யாரிடம் பேசுகிறது என்று கவலைப்படும் ஆண்கள் முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் பேசுங்கள்.

புதுவயல்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான். மாமனார் வாட்ஸ்அப்பில் வந்த சலுகை லிங்க் எதுவும் திறக்கவில்லை என்று ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதை விடுங்கள், முக்கியமானதைச் சொல்கிறேன்.

பேரன் தம்பி, ரௌட்டரில் இரண்டாவது டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) இடத்தில் கூகுளின் 8.8.8.8 போட்டிருக்கிறீர்களா? பலரும் அது முதலாவதான பை-ஹோல் படுத்தால்தான் வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சாதனங்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும், அதனால்தான் 'சில நேரம்' வருகிறது. இரண்டாங்கட்டு ரௌட்டருக்குள்ளும் போய் வேறு டிஎன்எஸ் இருக்கிறதா பாருங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி வழியாகவும் ஒழுகலாம். ஆண்ட்ராய்டு 9-உம் அதற்கு மேலும் இருக்கும் போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பு உண்டு, அதில் வெளி சர்வர் பெயர் இருந்தால் பை-ஹோலைத் தாண்டிப் போய்விடும். யூடியூப் விளம்பரம் மட்டும் இதில் நிற்காது. வீடியோ வரும் அதே முகவரியிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது, அதைத் தடுத்தால் வீடியோவும் போச்சு.

தேவகோட்டை அண்ணே, அத்தனை வரி வந்ததற்குத் தடுப்பே காரணமாக இருக்கலாம். இணைப்பு கிடைக்காவிட்டால் சில டிவி விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கும். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம்.

கோட்டையூர் அக்கா சொன்னது முழுக்க நியாயம். நான் இப்போது எங்கே போட்டாலும் சின்ன யுபிஎஸ் வைக்கிறேன், ரௌட்டரில் டிஎன்எஸ்ஸைப் பழையபடி மாற்றுவது எப்படி என்று தாளில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறேன்.

காரைக்குடிப் பேரன்:
அதேதான், 8.8.8.8 இருந்தது. எடுத்துவிட்டேன், இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை. நன்றி அண்ணே.

கோட்டையூர் மருமகள்:
அப்பத்தா டேப்லெட்டைத் திரும்ப எடுத்தார்களா தம்பி?

காரைக்குடிப் பேரன்:
நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறார்கள் அக்கா. எழுந்து போனால் மூடி வைத்துவிடுகிறார்கள்.