வகுப்பில் "யாரைப் பிடிக்காது?" என்று எழுதச் சொல்லலாமா?

பாரியூர்க்காரி:
போன வாரம் எங்கள் பையன் (நாலாம் வகுப்பு) பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். என்ன கண்ணு என்றால் பதிலே இல்லை. ராத்திரி சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தான். பயிற்சிக்கு வந்த டீச்சர் ஒருத்தர் துண்டுச் சீட்டு கொடுத்து, ரொம்பப் பிடித்த மூன்று பேர், பிடிக்காத மூன்று பேர் என்று எழுதி வாங்கினாராம். உடனே இடைவேளை மணி. நீ யாரை எழுதின, நீ யாரை எழுதின என்று ஆரம்பித்து, நாலு பேர் இவன் முகத்துக்கு நேராகவே "உன்னைத்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். மனசில் சும்மா கிடந்ததை எழுத வைத்து வெளியே இழுப்பது எதற்குங்க?

பல்லடம் வாத்தியார்:
அக்கா, சீட்டை வாங்கின கையோடு இடைவேளைக்கு விட்டது பெரிய தப்புங்க. ஆனால் கேள்வியே தப்பு என்றால் நான் ஒத்துக்க மாட்டேன். மொரேனோ என்ற மனநல மருத்துவர் 1934-லேயே பிள்ளைகளை வட்டம், முக்கோணமாகவும் விருப்பத்தை அம்புக்குறியாகவும் வரைந்து புத்தகம் போட்டுவிட்டார், பி.எட். படிக்கும்போது நானும் வரைந்திருக்கிறேன். பிடித்தவர் பெயரை மட்டும் கேட்டால், ஒரு சீட்டிலும் வராத பிள்ளை யார் கண்ணிலும் படாததா, எல்லாரும் ஒதுக்கியதா என்று தெரியாது. 1982-ல் கோய், டாட்ஜ், கோப்பட்டெல்லி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூன்று பேரும் அதைத்தான் பிரித்தார்கள். பிடித்ததிலிருந்து பிடிக்காததைக் கழித்தால் விருப்பம். இரண்டையும் கூட்டினால் அந்தப் பிள்ளை எவ்வளவு கண்ணில் படுகிறது என்பது.

என் வகுப்பில் இரண்டு பேர் மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுவார்கள். ஒருத்தி, ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் பெண். பிடித்தவர் பூஜ்யம், பிடிக்காதவரும் பூஜ்யம். இன்னொருவன் பூஜ்யமும் பதினொன்றும். அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு பிள்ளை போதுமாக இருந்தது. அவன் விளையாட்டில் பந்தைப் பிடுங்கி அடிக்கிறவன், அவனோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானுங்க.

நொய்யல்கரை:
கணக்கு சரி தம்பி. நான் வாத்தியார் வேலையில் இருந்தபோது போட்ட அப்படி ஒரு அம்புக்குறிப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காலனியிலிருந்து வந்த ஏழு பிள்ளைகளும் தங்களுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள்ளிருந்து ஒரு அம்பு அந்தப் பக்கம் போகவில்லை. அந்த ஏழு பேரையும் 'ஒதுக்கப்பட்டவர்கள்' என்று பதிவேட்டில் எழுதி, பழகக் கற்றுக்கொடுங்கள் என்று கீழே குறிப்புப் போட்டால் அது அநியாயம். ஊர் செய்கிற தப்பை அந்தப் பிள்ளைகள் பெயரில் எழுதுகிறோம். படத்தைப் பார்த்த அன்றே நான் பெஞ்சையெல்லாம் கலைத்துப் போட்டேன், பெற்றோர் சிலர் சண்டைக்கே வந்தார்கள்.

பல்லடம் வாத்தியார்:
ஐயா, அந்தப் படம் இல்லாவிட்டால் உங்களுக்கே தெரிந்திருக்காதே! அப்புறம், இப்படிக் கேட்பதால் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் நடத்தும் விதம் மாறுகிறதா என்று பார்த்த ஆய்வுகளில் பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை.

பாரியூர்க்காரி:
தம்பி, அந்த ஆய்வெல்லாம் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி நடத்துவது. எங்களுக்கு ஒரு வரி கடிதம் வந்ததா? அவன் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீங்க?

சிவன்மலை அடிவாரம்:
வேறு வழி இருக்குதுங்க. வகுப்பில் உள்ள எல்லார் பெயரையும் அச்சடித்துக் கொடுத்து, இவரோடு விளையாட எவ்வளவு பிடிக்கும் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போடச் சொல்லலாம். யாரையும் பேர் சொல்லிப் பிடிக்காது என்று எழுத வேண்டியதில்லை.

பல்லடம் வாத்தியார்:
பாதிப்பேர் ஐந்தும் பாதிப்பேர் ஒன்றும் போட்ட பிள்ளைக்கும், எல்லாரும் மூன்று போட்ட பிள்ளைக்கும் சராசரி ஒன்றேதானுங்க.

சிவன்மலை அடிவாரம்:
பிடித்தவர் பெயரை மட்டும் தனியே எழுதி வாங்கி, பிடிக்காதவர் கணக்குக்கு சராசரியை விட்டுவிட்டு 'ஒன்று' எத்தனை விழுந்தது என்று எண்ணுங்கள். நீங்கள் சொன்ன அதே டாட்ஜ், ஆஷர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1986-ல் அப்படித்தான் பார்த்தார். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை அது நன்றாகவே காட்டியது. கண்ணில் படாத பிள்ளைகளைத்தான் அவ்வளவாகக் காட்டவில்லை.

பல்லடம் வாத்தியார்:
அப்போ என் ஒடிசாப் பெண் அதில் தப்பிப் போயிருப்பாள். ஆனாலும் நாலாம் வகுப்புக்கு வட்டம் போடுவதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அக்கா, நாளைக்கு ஹெச்.எம்.-ஐப் பார்க்கப் போனால் முதலில் ஒன்று கேளுங்க. பெயர் போட்ட சீட்டுகள் இப்போது யாரிடம் இருக்கின்றன? எண்ணாக மாற்றினதும் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

பாரியூர்க்காரி:
அந்த டீச்சர் மேசை மேலேயே ரப்பர் பேண்ட் போட்டு இருக்குதாம். பையன் இப்பத்தான் சொன்னான்.