"நாம முன்னேறலையா, அவங்களால ஏன் முடியல?": அமெரிக்காவில் இனம், வறுமை, குடும்பம்

எட்டுமைல்வாசி
போன வாரம் பொங்கல் விழாவில் பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "நாம ஒரு பெட்டியோட வந்து இறங்கினோம். பத்து வருஷத்துல வீடு, கார், பிள்ளைங்களுக்குப் படிப்பு எல்லாம் ஆச்சு. கறுப்பர்கள் காலங்காலமா இங்கேயே இருக்காங்க. இன்னும் ஏழையா இருக்காங்கன்னா உழைக்க மனசில்லன்னுதானே அர்த்தம்?" மேசையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனம் ஒரு வாரமாக உறுத்துவதால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். எட்டு மைல் சாலைக்குத் தெற்கே, பிர்வுட் தெரு வீடுகளின் கொல்லைப்புறம் ஒரு கான்கிரீட் சுவர் ஓடுகிறது. ஆறடி உயரம், ஓரடி கனம், அரை மைல் நீளம். 1941-ல் எழுப்பியது. ஒரு பக்கம் கறுப்பினத்தவர் குடியிருப்பு. மறுபக்கம் வெள்ளையருக்கென்று ஒரு பில்டர் மனை போட்டார். கறுப்பர்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் கைவிரித்தது. அவர் நடுவில் சுவரை எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. ஒரு பகுதியில் இப்போது பிள்ளைகள் விளையாடும் படம், சோப்புக்குமிழி என்று சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். மற்ற இடத்தில் வெறும் சிமெண்ட்தான். கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளையருக்கு அரசு உத்தரவாதத்தில் குறைந்த வட்டிக் கடன். வீட்டின் மதிப்பு ஏற ஏற அதை வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தார், பேரனுக்கு முன்பணம் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு அந்த ஏணியே இல்லை. 2022-ல் நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்கில், நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். இதை மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்று எப்படிச் சொல்வது?

கணக்குப்பிள்ளை
சுவரை நான் மறுக்கவில்லை நண்பரே. ஆனால் பெரியவர் கேட்ட கேள்வியை நீங்கள் ஒதுக்கிவிட்டுப் போகிறீர்கள். வார்த்தை கடுமைதான், கேள்வி நியாயமானது.

1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரே வாரத்தில் வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இரண்டு தலைமுறை வளர்ந்தாயிற்று. இந்த அரை நூற்றாண்டில் எது மாறியது, எது மாறவில்லை என்று பார்க்க வேண்டாமா?

1965-ல் ஜான்சன் அரசின் தொழிலாளர் துறையில் இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் ஓர் அறிக்கை எழுதினார். கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று மணமாகாத தாய்க்குப் பிறக்கிறது, இது பெரிய ஆபத்து என்றார். அவரைத் திட்டித் தீர்த்தார்கள். இன்று அது பத்தில் ஏழு. அடிமைமுறையும், கறுப்பினத்தவரைப் பிரித்துவைத்த ஜிம் க்ரோ சட்டங்களும் கொடுமையின் உச்சத்தில் இருந்த காலத்தைவிட, சட்டம் சமமான பிறகு குடும்பம் அதிகமாகச் சிதைந்திருக்கிறது. பொருளியலாளர் தாமஸ் சோவெல் வாழ்நாளெல்லாம் கேட்டது இதைத்தான். அவரும் கறுப்பினத்தவர், ஹார்லெமில் வளர்ந்தவர். இன்னொரு கணக்கும் உண்டு: திருமணமாகிச் சேர்ந்து வாழும் கறுப்பினத் தம்பதியரின் வறுமை விகிதம் பல ஆண்டுகளாக ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. தோலின் நிறம் மட்டுமே காரணம் என்றால் இவர்கள் எப்படித் தப்பித்தார்கள்?

2008-ல் தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயம் ஒன்றில் ஒபாமாவே அப்பாக்கள் இல்லாத வீடுகளைப் பற்றித்தான் பேசினார். அவரையும் இனவெறியர் என்பீர்களா?

சிகாகோ டீச்சர்
//அரை நூற்றாண்டில் எது மாறியது//

கணக்குப்பிள்ளை அண்ணா, வேலை மாறியது. நான் பாடம் நடத்துவது தெற்கு சிகாகோவில். என் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்கள் விஸ்கான்சின் ஸ்டீல் ஆலையில் இருந்தவர்கள். 1980 மார்ச்சில் ஆலைக்கதவைச் சாத்தினார்கள். மூவாயிரத்துக்கும் மேல் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிப்படிப்போடு போய்க் குடும்பத்தைக் காப்பாற்றும் சம்பளம் வாங்கக்கூடிய இடம் அது. அது போன பிறகு எந்தப் பெண் எந்தப் பையனை நம்பிக் கல்யாணம் செய்துகொள்வாள்? சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் சிகாகோவிலேயே இருந்து ஆராய்ந்து சொன்னது இதுதான். நீங்கள் காட்டும் மொய்னிஹனும் ஆண்களின் வேலையின்மையைத்தான் குடும்பச் சிதைவோடு முடிச்சுப் போட்டார். அந்தப் பக்கங்களை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

சட்டம் வருவதற்கு முந்தைய கதையையும் முழுசாகக் கேளுங்கள். வங்கி கடன் தராததால் சிகாகோவின் லாண்டேல் பகுதியில் கறுப்பினத்தவர் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார்கள். இடைத்தரகர் ஒரு விலைக்கு வாங்கி ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு விற்பார். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அவர் கையில். இருபதாண்டு கட்டி ஒரு மாதம் தவறினாலும் வீடு போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். என்னோடு வேலை செய்யும் ஒருவர் பாட்டியின் தவணைப் புத்தகத்தை இன்னும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். காட்டினார். மாதா மாதம் ரப்பர் முத்திரை, ஓரத்தில் பாட்டியின் கையெழுத்து. பதினோராவது வருஷத்தோடு முத்திரை நின்றுவிடுகிறது. மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை. மனசில்லாதவர் பதினோரு வருஷம் கட்டுவாரா அண்ணா?

மலைநாட்டு ஃபார்மசிஸ்ட்
நான் மேற்கு வர்ஜீனியாவில் பதினைந்து ஆண்டாக மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்பவன். கறுப்பினத்தவரை மட்டும் வைத்து இந்தப் பேச்சைப் பேசுவதே எனக்கு உறுத்துகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் அமெரிக்க ஏழைகளில் வெள்ளையரே அதிகம்.

எங்கள் மாநிலத்தின் மெக்டவல் கவுன்டிக்குப் போய்ப் பாருங்கள். நிலக்கரி ஓடிய காலத்தில், 1950-ல், மக்கள்தொகை ஒரு லட்சத்தை நெருங்கியது. 2020-ல் இருபதாயிரம்கூட இல்லை. 1961-ல் கென்னடி, ஏழைகள் உணவு வாங்க முத்திரை தரும் ஃபுட் ஸ்டாம்ப் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதல் முத்திரைகளை வாங்கியது இந்தக் கவுன்டியின் 15 பேர் கொண்ட ஒரு குடும்பம். சுரங்கத்தில் இயந்திரம் வந்தது, பிறகு சுரங்கமே போனது. பிறகு என்னென்ன வந்தது தெரியுமா? கல்யாணம் இல்லாத பிள்ளைகள், பேரனை வளர்க்கும் பாட்டிகள், போதை. கணக்குப்பிள்ளை ஐயா கறுப்பினப் பண்பாடு என்று சொல்லும் அத்தனையும், பெரும்பாலும் வெள்ளையர் வாழும் மலைக்கிராமங்களில் என் கண்ணெதிரே நடந்தது. வெள்ளைக் குழந்தைகளில் மணமாகாத தாய்க்குப் பிறப்பது 1965-ல் நூற்றுக்கு மூன்று, இன்று நூற்றுக்கு முப்பதை நெருங்குகிறது. மொய்னிஹன் 1965-ல் ஆபத்து என்று சொன்ன அளவை வெள்ளையர் தாண்டியாயிற்று.

கணக்குப்பிள்ளை
ஃபார்மசிஸ்ட் ஐயா, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். குடும்பம் கலைந்தால் எந்த நிறத்தவரும் விழுவார்கள். நான் எப்போது நிறத்தைக் குற்றம் சொன்னேன்? வேலை போனதும் குடும்பம் கலைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைந்த பிறகு அது தானாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆலையைத் திரும்பத் திறந்தாலும் அது தானாகச் சரியாகிவிடாது.

அரசு உதவியைப் பற்றியும் பேச வேண்டும். 1996-ல் கிளின்டன் ஏழைக் குடும்பங்களுக்கான பழைய உதவித்தொகைத் திட்டத்தை மாற்றி, வேலைக்குப் போக வேண்டும், மொத்தம் ஐந்தாண்டுதான் என்று வரம்பு வைத்தார். குடும்பங்கள் பட்டினியில் சாகும் என்று பயமுறுத்தினார்கள். தனித்தாய்மார் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். எதிர்பார்ப்பை மாற்றினால் நடத்தை மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மலைநாட்டு ஃபார்மசிஸ்ட்
வேலைக்குப் போனது உண்மை. அது நாட்டில் வேலை கொட்டிக் கிடந்த காலம். குறைந்த சம்பளக்காரருக்கான வரிச்சலுகையை 1993-ல் பெரிதாக்கியிருந்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் வேறொரு சாட்சி தருகிறேன். 2021-ல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை உயர்த்தி, ஜூலை முதல் டிசம்பர் வரை பாதித் தொகையை மாதா மாதம் பெற்றோர் கணக்கிலேயே போட்டார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், பெரிய குழந்தைக்கு 3,000. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை அளவில் அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. எங்கள் மாநிலத்தின் அன்றைய செனட்டர் ஜோ மான்சின்தான் குறுக்கே நின்றவர்களில் முக்கியமானவர். 2022-ல் 12.4 சதவீதம். ஓராண்டுக்குள் இருமடங்குக்கு மேல். அந்த ஓராண்டில் யாருடைய பண்பாடு கெட்டுப்போனது ஐயா? அந்த ஆறு மாதமும் என் கவுன்ட்டரில் அம்மாக்கள் பிள்ளையின் இன்ஹேலரைக் கடன் சொல்லாமல் வாங்கிப் போனார்கள். ஜனவரியில் மறுபடி, "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்து வையுங்க" என்று ஆரம்பித்தது.

ரியோகிராண்டே
டெக்சஸ் எல்லைப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நிறத்தை வைத்து வாக்கைக் கணக்குப் போடும் கட்சிகள் ஸ்டார் கவுன்டியைப் பார்க்கட்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்), நாட்டின் மிக ஏழ்மையான கவுன்டிகளில் ஒன்று. 2016-ல் ஜனநாயகக் கட்சியின் ஹில்லரிக்கு 79 சதவீதம், 2020-ல் பைடனுக்கு 52, 2024-ல் டிரம்ப் ஜெயித்தார். அவருடைய குடியரசுக் கட்சிக்கு அங்கே நூறாண்டுக்கு மேல் கிடைக்காத வெற்றி. "உங்களை ஒடுக்குகிறார்கள்" என்று ஜனநாயகக் கட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஊர் மக்கள் முட்டை விலையையும் எண்ணெய்க் கிணற்று வேலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிகாகோ டீச்சர்
நம் ஆட்களே செய்த இரண்டு ஆய்வுகளை இங்கே வைக்கிறேன், பெரியவர்களிடமும் காட்டலாம்.

செந்தில் முல்லைநாதன், இன்னொரு பொருளியலாளரோடு சேர்ந்து பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 சுயவிவரங்களை அனுப்பினார். 2004-ல் வெளிவந்தது. தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு: வெள்ளையர் பெயர்களாக ஒலிக்கும் எமிலி, கிரெக் ஒரு பக்கம், கறுப்பினப் பெயர்களாக ஒலிக்கும் லக்கீஷா, ஜமால் மறுபக்கம். எமிலிக்கும் கிரெக்குக்கும் வந்த அழைப்பு ஒன்றரை மடங்கு. ஜமால் அதில் செய்த தப்பு என்ன? அவன் காகிதத்தில் மட்டும்தான் இருந்தான்.

அடுத்தது பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு, 2018. ஏறத்தாழ இரண்டு கோடிக் குழந்தைகளின் வருமானக் கணக்கு. ஒரே அளவு வருமானமுள்ள வீட்டில், ஒரே பகுதியில் வளர்ந்தாலும் கறுப்பினப் பையன் வெள்ளைப் பையனைவிடக் குறைவாகத்தான் சம்பாதிக்கிறான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பகுதிகளில் இப்படி. பெண்களிடையே அந்த இடைவெளி அநேகமாக இல்லை. வீட்டுப் பண்பாடுதான் காரணம் என்றால், அதே அம்மாவிடம் அதே சோற்றைச் சாப்பிட்ட அக்கா எப்படித் தப்பினாள்? தம்பி வாசலைத் தாண்டிய பிறகு அவனுக்கு என்னவோ நடக்கிறது.

நாம் "பெட்டியோடு வந்த" கதைக்கும் ஒரு வார்த்தை. 1965-ல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியதால்தான் நமக்குக் கதவு திறந்தது. கறுப்பினத்தவர் அடிபட்டு நடத்திய உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்த சட்டம் அது. வந்தவர்களும் பெரும்பாலும் பட்டத்தோடு வந்தவர்கள். அந்தப் பட்டம் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கணக்குப்பிள்ளை
டீச்சரம்மா, அக்கா தம்பிக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறதே! கறுப்பினப் பையன்கள் ஓரளவு நன்றாக வரும் பகுதிகளுக்கு உள்ள அடையாளங்களில் ஒன்று, அங்கே கறுப்பின அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பது. சொந்த அப்பா இல்லாவிட்டாலும் தெருவில் அப்பாக்கள் இருந்தால் போதும் என்கிறது. நான் சொல்வதும் இதுதான்.

புத்தகம் படித்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நியூவார்க்கில் ஆறு வருஷமாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். பதினோரு வயசுப் பையன் ஒருவன். போனை மேசையில் முகம் மேலே தெரிய வைத்துக்கொண்டுதான் உட்காருவான். அப்பா கூப்பிடுவார் என்று. பின்னம் போட்டுக்கொண்டே அதையே பார்ப்பான். அவனைப் பார்த்துவிட்டு, அப்பா ஒரு விஷயமே இல்லை என்று என்னால் பேச முடியாது.

சிகாகோ டீச்சர்
அப்பா ஒரு விஷயமே இல்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை அண்ணா. நீங்கள் காட்டும் அதே ஆய்வு, வறுமை குறைவாகவும் அப்பாக்கள் அதிகமாகவும் இருக்கும் பகுதியில் வளரும் கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை, வெள்ளைக் குழந்தைகள் அறுபத்துமூன்று என்கிறது. அந்தப் பையனின் அப்பா எங்கே?

மலைநாட்டு ஃபார்மசிஸ்ட்
1986-ல் ஒரு சட்டம் போட்டார்கள். போதைப்பொருளான தூள் கொகெய்னை விற்க 500 கிராம் வைத்திருந்தால் என்ன தண்டனையோ, அதையே புகைப்பதற்காகக் கட்டியாக்கிய கிராக் 5 கிராம் விற்க வைத்திருந்தாலே அதே குறைந்தபட்ச ஐந்தாண்டு. கிராக் வழக்குகளில் உள்ளே போனவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். 2010-ல்தான் நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். எங்கள் பக்கம் கெர்மிட் என்று நானூறு பேர் இருக்கும் ஊர். இரண்டே ஆண்டில் ஒரே மருந்துக்கடைக்கு ஏறத்தாழ தொண்ணூறு லட்சம் வலிநிவாரண மாத்திரைகள் அனுப்பியிருந்தார்கள். மாத்திரைக்கு அடிமையானவர்களை நோயாளிகள் என்று பார்க்க நாடு கற்றுக்கொண்டது. நல்லதுதான், என் வாடிக்கையாளர்கள் அவர்கள். அந்தக் கண்ணை ஏன் 1986-ல் திறக்கவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எட்டுமைல்வாசி
நேற்று அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரைப் பற்றிச் சொன்னேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார். முப்பது வருஷமாக அங்கிருந்து இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிறார். "அரசாங்கமா கடன் குடுக்கலை?" என்று இரண்டு முறை கேட்டார். "அதுக்காகப் பிள்ளைய விட்டுட்டுப் போகலாமா?" என்றும் கேட்டார்.

கணக்குப்பிள்ளை
டீச்சரம்மா கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. இந்தச் சனிக்கிழமை பாட்டி அவனைக் கூட்டிப்போக வந்தபோது கேட்டேன். அப்பா சிறையில் இருக்கிறார், வேறு மாநிலத்தில். சனிக்கிழமைதான் பேச முடியும், வரிசையில் நின்று இடம் கிடைத்தால். ஆறு வருஷமாக அந்த இடத்துக்குப் போகிறேன், இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

குடும்பம் வேண்டும் என்ற என் பேச்சு மாறவில்லை. "மனசில்லை" என்ற வார்த்தையை இனி எங்கே கேட்டாலும் மறுப்பேன்.

அன்றைக்கு போன் வந்தது. பாதிப் பாடத்தில் எழுந்து வராந்தாவுக்கு ஓடினான். ஐந்தில் மூன்று பங்கைப் பத்தில் ஆறாக எப்படி மாற்றுவது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.