நாஃப்தலீன் டைஆக்சிஜனேஸ்: என்ஏடிஎச் குறைகிறது, விளைபொருள் வரவில்லை. ஃபெரடாக்சினில் கோளாறா?

கேள்வி:
சூடோமோனாஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நாஃப்தலீன் டைஆக்சிஜனேஸ் மரபணுக்கள் (நாஃப்தலீனில் ஆக்சிஜனைச் சேர்க்கும் மூன்று புரத நொதி; எலக்ட்ரான் தருவது என்ஏடிஎச்). ரிடக்டேஸ், ஃபெரடாக்சின், ஆக்சிஜனேஸ் மூன்றையும் ஈ. கோலை பாக்டீரியாவில் தனித்தனியாக உருவாக்கி (37 டிகிரி, மரபணுவைத் தூண்ட 1 மில்லிமோலார் ஐபிடிஜி), நிக்கல் தூணில் பிரித்து, 1 மில்லிமோலார் இடிடிஏ (உலோகம் கவரும் சேர்மம்) உள்ள பஃபரில் டயாலிசிஸ் செய்தாயிற்று. வினைக்கலவையில் ரிடக்டேஸ் 0.5, ஃபெரடாக்சின் 2, ஆக்சிஜனேஸ் 1 மைக்ரோமோலார், நாஃப்தலீன் 0.2, என்ஏடிஎச் 0.3 மில்லிமோலார். 340 நானோமீட்டரில் என்ஏடிஎச்சின் ஒளியுறிஞ்சல் சீராக இறங்குகிறது. ஆனால் எச்பிஎல்சி பிரிப்பில், எதிர்பார்த்த விளைபொருளான டைஹைட்ரோடையால் இல்லை. நாஃப்தலீன் போடாவிட்டாலும் அதே வேகம்.

பதில் 1:
கடைசி வரிதான் துப்பு. எலக்ட்ரான் என்ஏடிஎச்சிலிருந்து எஃப்ஏடி (ரிடக்டேஸின் துணைக்காரணி), ரிடக்டேஸின் இரும்பு-கந்தகக் கொத்து, ஃபெரடாக்சின், ஆக்சிஜனேஸின் ரீஸ்கி கொத்து (இரண்டு இரும்பு, இரண்டு கந்தகம்) என்று போய், தனி இரும்பு அணுவில் சேர வேண்டும். உங்களிடம் அது வழியிலேயே ஆக்சிஜனுக்கு ஒழுகுகிறது. எஃப்ஏடி இருக்கிறது, அது இல்லாமல் என்ஏடிஎச் இறங்காது. ஃபெரடாக்சின் இல்லாமல் ஓட்டினால் வேகம் என்ன? ஃபெரடாக்சின் புரதத்தின் நிறம் என்ன?

கேட்டவர்:
ஃபெரடாக்சின் இல்லாமலும் வேகம் மாறவில்லை. நிறம் மிக வெளிறிய மஞ்சள். 460 நானோமீட்டர் அருகே மேடே இல்லை.

பதில் 2:
அப்படியானால் கொத்து ஏறாத வெறும் புரதம்தான் கையில் இருக்கிறது. ரீஸ்கி ஃபெரடாக்சின் ஆக்சிஜனேற்ற நிலையில் செம்பழுப்பாக இருக்கும். 325, 460 அருகே உச்சங்கள், 570 பக்கம் ஒரு தோள். கொத்தில் ஓர் இரும்பை இரண்டு சிஸ்டீனும் மற்றொன்றை இரண்டு ஹிஸ்டிடினும் பிடித்திருக்கும். 37 டிகிரியில் புரதம் குவியும் வேகத்துக்குக் கொத்து கட்டும் அமைப்பு ஈடுகொடுப்பதில்லை. 18 டிகிரி, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி, இரவு முழுதும். கூடவே ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 0.1, எல்-சிஸ்டீன் 0.5 மில்லிமோலார். கொத்து கட்டும் ஐஎஸ்சி மரபணுத் தொகுதியைச் சுமக்கும் பிளாஸ்மிடைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

கையிலுள்ளதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆக்சிஜனற்ற பெட்டியில் புரதம் 50 மைக்ரோமோலார், டிடிடி என்ற ஒடுக்கி 5 மில்லிமோலார், பிஎச் 8. அரை மணி கழித்து ஐந்து மடங்கு இரும்பு, பிறகு சோடியம் சல்ஃபைடைச் சொட்டுச் சொட்டாக. ஒரேயடியாக ஊற்றினால் கருப்பாக இரும்பு சல்ஃபைடு வீழ்படியும், புரதமும் அதோடு போகும். இரண்டு மணி நேரம் கழித்து உப்புநீக்கத் தூணில் ஏற்றுங்கள். ஆனாலும் புதிதாக வளர்ப்பதே நம்பகமான வழி என்பேன்.

புதிய புரதம் வந்ததும் முதலில் சைட்டோகுரோம் சி (எலக்ட்ரானை ஏற்கும் புரதம்) சோதனை: ரிடக்டேஸ், என்ஏடிஎச், 50 மைக்ரோமோலார் சைட்டோகுரோம் சி, 550 நானோமீட்டர் (ஒளியுறிஞ்சல் மாற்றம் மில்லிமோலாருக்கு 21). ஃபெரடாக்சினைச் சேர்த்ததும் ஒளியுறிஞ்சல் ஏறும் வேகம் கூட வேண்டும். கூடாவிட்டால் ஆக்சிஜனேஸைத் தொடவே வேண்டாம்.

பதில் 1:
இரண்டு சேர்க்கை. இடிடிஏவைக் கைவிடுங்கள்: ஆக்சிஜனேஸின் தனி இரும்பை அது கவர்ந்துவிடும், வினைக்கு முன் 0.1 மில்லிமோலார் ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட் கொடுத்துப் பாருங்கள். ஒழுகலில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு நொதியையே கெடுக்கும், அதனால் அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் கட்டாயம்.

கேட்டவர்:
எத்தில் அசிடேட்டில் பிரிக்கும்முன் அமிலம் சேர்த்து வினையை நிறுத்துகிறேன். அது பாதிக்குமா?

பதில் 2:
பாதிக்கும். டைஹைட்ரோடையால் அமிலத்தில் நீரை இழந்து பெரும்பாலும் 1-நாஃப்தாலாகிவிடும்; உங்கள் எச்பிஎல்சியில் வேறு இடத்தில் வரும். நடுநிலை பிஎச்சிலேயே பிரித்தெடுங்கள், பழைய மாதிரிகளில் நாஃப்தால் உச்சத்தையும் ஒருமுறை தேடுங்கள்.