புதுப்பிப்பு: உப்பளத்து வெயிலில் எக்ஸ்போஷர் (படத்துக்குக் கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவு)

தூத்துக்குடி உப்பளத்தில் உச்சி வெயிலில் படம் எடுத்தால் உப்பு சாம்பல் நிறமாகவும் வேலை செய்பவர்களின் முகம் கறுத்தும் வருகிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது சரியாக வருகிறது.

கேமராவின் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் என்றே கணக்குப் போடும், அதனால் ஃபிரேம் முழுக்க வெள்ளை உப்பு இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. இப்போது ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) வெயில் படும் உப்புக் குவியலை அளந்து, அதற்கு மேல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டி, கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் பூட்டிவிடுகிறேன். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஷட்டர் வேகத்தை ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி வைக்கும் பழைய சன்னி 16 கணக்கும் நன்றாகவே கைகொடுக்கிறது: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப்/16 (லென்ஸ் துளை அளவு) என்றால் ஷட்டர் 1/125 நொடி, எஃப்/8 என்றால் 1/500 நொடி, அங்கிருந்து தொடங்கி உப்பின் பரல் தெரிகிறதா என்று ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருள் முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். அந்த வெளிச்சத்தில் கேமரா திரையை நம்பவே வேண்டாம்.

அப்புறம் முகம். சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தால் தலைச்சும்மாட்டின் நிழல் கண்ணை மூடிவிடும், எக்ஸ்போஷரை எவ்வளவு மாற்றினாலும் அது போகாது. காலை எட்டு, எட்டரைக்குள் போய், சூரியன் அவர்களுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருக்கும்படி நான் நகர்ந்துகொள்கிறேன். எதிரே வெயில் படும் உப்பு வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி முகத்தில் அடிக்கிறது, ரிஃப்ளெக்டரே வேண்டாம், கண்ணோரச் சுருக்கம் வரை தெளிவாக விழுகிறது. ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்தால் மிச்ச நிழலையும் பின்னர் தூக்கிவிடலாம், ஆனால் வெளுத்துப்போன உப்பை மீட்க முடியாது.